நொறுக்கிய நிலக்கரி மாதிரியில் துகள் அளவைக் கண்டறிதல்: சல்லடைப் பகுப்பாய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிரஷரிலிருந்து வெளிவரும் நிலக்கரியில் எந்த அளவுத் துகள் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதைச் சல்லடை கொண்டு கண்டறிய வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எண்ணூர், அத்திப்பட்டு, மணலி வட்டாரத்து ஆய்வகங்களில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். சலிக்கத் தெரியாதவர் யாரும் வருவதில்லை. வீட்டில் மாவு சலிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம். ஆனாலும் முடிவு தவறிப்போகிறது, அந்தப் பிழை பெரும்பாலும் சல்லடையைக் கையில் எடுக்கும் முன்பே நடந்து முடிந்திருக்கிறது.

நிலக்கரி ஜல்லியைப் போன்றதன்று. கொட்டினால் உடையும், உலர்த்தினால் விரிசல்விடும், அதிக நேரம் குலுக்கினால் அரைபடும். அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடும் என்பதால், கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: தூள் எங்காவது போய்விட்டதா, கட்டி எங்காவது உடைந்துவிட்டதா.

1. எதற்காக அளக்கிறோம் என்பதை முதலில் உறுதிசெய்தல்

ஒரே நிலக்கரிக்கு நான்கு இடங்களில் நான்கு அளவுகள் கேட்கப்படும். பவுல் மில்லுக்குள் (கரியை மாவுபோல் அரைக்கும் இயந்திரம்) போகும் கரி பொதுவாக 20 முதல் 25 மி.மீ.க்குள் நொறுக்கப்பட்டிருக்கும். திரவப்படுகைக் கொதிகலனுக்கு (அடியிலிருந்து ஊதும் காற்றில் மிதக்கும் படுகையில் கரியை எரிப்பது) ஏறத்தாழ 6 முதல் 8 மி.மீ.க்குள் கேட்பார்கள், அங்கே பெரிய கட்டி எவ்வளவு என்பதைப் போலவே 1 மி.மீ.க்குக் கீழான தூள் எவ்வளவு என்பதும் முக்கியம், ஏனெனில் அளவுக்கு மீறிய தூள் படுகையில் நின்று எரியாமல் புகையோடு பறந்துவிடும். மில்லிலிருந்து வெளியேறும் தூளில் 70 சதவீத அளவுக்கு 75 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.) சல்லடையில் இறங்க வேண்டும் என்பது பழகிய இலக்கு. சாம்பல், கலோரி மதிப்பு போன்ற சோதனைகளுக்கான ஆய்வகத் தூள் 212 மைக்ரானுக்குக் கீழே இருக்க வேண்டும், அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். முறையில் அதுவே 250 மைக்ரான்.

இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி முதல் இரண்டைப் பற்றியது. மில் தூளுக்குத் தனிப் பகுதி பின்னால் வருகிறது. எந்தத் தரநிலைப்படி அறிக்கை தரவேண்டும் என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். இந்திய நிலக்கரிக்கு ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 437, இறக்குமதிச் சரக்குக்கு ஐ.எஸ்.ஓ. (பன்னாட்டுத் தரநிலை) 1953 அல்லது ஏ.எஸ்.டி.எம். டி 4749 என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். பாதி வேலையை ஒன்றின்படியும் மீதியை மற்றொன்றின்படியும் செய்துவிட்டால், தகராறு வரும் நாளில் எதையும் காட்டி நிற்க முடியாது.

இன்னொன்று. அளவு மாதிரியைத் தனியாக ஒதுக்குங்கள். மொத்த மாதிரியை முதலில் ஜா கிரஷரில் போட்டுவிட்டு, "மீதியில் சைஸ் பார்த்துக்கொள்ளலாமா, சார்?" என்று கேட்ட புதியவர்கள் ஒருவர் இருவர் அல்லர். ஆய்வகத்தின் கிரஷரைத் தொட்ட கரி, அந்தக் கிரஷரின் அளவைத்தான் சொல்லும்.

2. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

சல்லடைகள் ஐ.எஸ். 460 அல்லது அதற்கு இணையான தரநிலைக்கு உட்பட்டவையாகவும் சான்றிதழ் காலாவதியாகாதவையாகவும் இருக்க வேண்டும். 20 மி.மீ. கரிக்கு நான் எடுத்துவைப்பவை: 25, 20, 12.5, 6.3, 3.35, 1.18 மி.மீ., பிறகு 600, 300, 150, 75 மைக்ரான், கடைசியில் அடித்தட்டு, மேலே மூடி. பெரிய கண் சல்லடைகள் 450 மி.மீ. விட்டத்திலும், 1.18 மி.மீ. முதல் கீழே உள்ளவை 200 மி.மீ. விட்டத்திலும் இருந்தால் வேலை சுலபம்.

பெரிய கண்ணுக்குத் துளையிட்ட தகட்டுச் சல்லடை பயன்படுத்துவீர்களானால், துளை சதுரமா வட்டமா என்று பாருங்கள். 20 மி.மீ. சதுரத் துளையில் மூலைவிட்டம் 28 மி.மீ.க்கு மேல் இருப்பதால், வட்டத் துளையில் நின்றுவிடும் தட்டையான கட்டி சதுரத்தில் சாய்ந்து இறங்கிவிடும். நிலக்கரியோ தட்டையாகப் பிளக்கும் இயல்புடையது. கிரஷர் பிரிவில் வட்டத் துளை, ஆய்வகத்தில் சதுரத் துளை என்று இருந்தால் இருவர் எண்ணும் என்றைக்கும் ஒத்துப்போகாது. அதற்கு யாரையும் குறை சொல்லிப் பயனில்லை.

ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன், நுண்ணிய சல்லடைகளை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வலை எங்காவது தொய்ந்திருக்கிறதா, விளிம்பின் ஈயப்பற்று விட்டிருக்கிறதா, ஒரு புள்ளி மட்டும் அதிகமாக ஒளிர்கிறதா என்று கவனியுங்கள். 75 மைக்ரான் வலையில் குண்டூசி முனை அளவு கிழிசல் இருந்தாலும் அதன் வழியே 300 மைக்ரான் துகளும் அடித்தட்டுக்குப் போய்விடும். மாதத்துக்கு ஒரு முறை, அளவு தெரிந்த கண்ணாடி மணிகளைச் சலித்து ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. நிலக்கரியையே ஒப்பீட்டு மாதிரியாக வைத்துக்கொள்ளாதீர்கள்; ஒவ்வொரு முறை சலிக்கும்போதும் அது சற்று நுண்ணியதாகிவிடும்.

இவை தவிர, 1 கிராம் துல்லியமுள்ள பெரிய தராசு, 0.01 கிராம் துல்லியமுள்ள சிறிய தராசு, ரிஃபிள் பெட்டிகள் (வரிசையான காடிகள், அதாவது குறுகிய திறப்புகள், வழியே மாதிரியை இரண்டு சம பங்காக்குபவை), அகலமான எவர்சில்வர் ட்ரேக்கள், மென்மையான முடிப் பிரஷ், சீவ் ஷேக்கர் (சல்லடை அடுக்கைக் குலுக்கும் இயந்திரம்) ஆகியவை வேண்டும். எல்லா ட்ரேக்களின் வெற்று எடையையும் பெயிண்டால் பக்கவாட்டில் எழுதிவையுங்கள். தூசி முகமூடி கட்டாயம். நிலக்கரித் தூள் காற்றில் கலந்தால் தீப்பற்றக்கூடியது என்பதால், அந்த அறையில் நெருப்பு கூடாது. மேசையைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யவும் கூடாது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சென்னை மே மாதத்தில் இந்தக் கட்டளைக்கு எழும் முணுமுணுப்பு எனக்குத் தெரியும். ஆனால் விசிறி கொண்டுபோவது நாம் தேடும் அதே நுண்தூளைத்தான்.

3. போதுமான மாதிரியை, சரியான இடத்திலிருந்து எடுத்தல்

மிக நம்பகமான மாதிரி, கன்வேயரை நிறுத்தி, பெல்ட்டின் முழு அகலத்துக்கும் ஒரு துண்டை அடியோடு அள்ளுவதில் கிடைக்கும். பெல்ட்டின் நடுவிலும் ஓரத்திலும் துகள் அளவு ஒன்றாக இராது. தூள் பெல்ட்டோடு ஒட்டிக்கொண்டு அடியில் இருக்கும். எனவே இரண்டு பக்கமும் தகடு வைத்து அடைத்து, கடைசித் தூள்வரை பிரஷால் கூட்டி எடுக்க வேண்டும். குவியலின் அடிவாரத்தில் கைக்கு எட்டியதை அள்ளுவது மிக மோசமான வழி: குவிக்கும்போது கட்டிகள் உருண்டு அடிவாரத்துக்கு வந்துவிடும், தூள் நடுவிலேயே தங்கிவிடும். அள்ளும் கரண்டியின் வாய், பெரிய கட்டியைப்போல் குறைந்தது மூன்று மடங்கு அகலமாக இருக்கட்டும். குறுகிய வாயில் கட்டி நுழையாமல் ஒதுங்கிவிடும்.

எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதற்குத் தரநிலையில் அட்டவணை உண்டு. ஆனால் காரணம் புரிந்தால் அட்டவணை தானாக நினைவில் நிற்கும். 25 மி.மீ. பக்கமுள்ள கனசதுரக் கட்டி ஒன்றின் கன அளவு 15.6 கன செ.மீ.; நிலக்கரியின் அடர்த்தியை 1.4 என்று கொண்டால் எடை சுமார் 22 கிராம். ஒரு கிலோ மாதிரியில் அப்படிப்பட்ட ஒரே ஒரு கட்டி தற்செயலாக வந்து விழுந்தாலும் 25 மி.மீ. சல்லடையின் எண் 2.2 சதவீதம் ஏறிவிடும். 12 கிலோ மாதிரியில் அதே கட்டி 0.2 சதவீதத்துக்கும் குறைவாகவே அசைக்கும். "ஒரு கிலோ போதாதா" என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவேன். பிறகு அவர்களே சாக்கைத் தூக்கி வருவார்கள்.

தூக்கி வரும்போது ஒரு வேண்டுகோள்: சாக்கைத் தொப்பென்று தரையில் போடாதீர்கள். மென்மையான இந்தோனேசியக் கரி இரண்டு முறை அப்படி விழுந்தாலே 25 மி.மீ. கட்டிகளில் சில காணாமல் போயிருக்கும்.

4. உலர்த்துதல்

மேற்பரப்பில் ஈரமுள்ள கரியைச் சலிக்கக் கூடாது. ஈரம் இருந்தால் நுண்தூள் கட்டிகளின் மேல் பூச்சாக ஒட்டிக்கொள்ளும், சிறு துகள்கள் தம்முள் ஒட்டி உருண்டையாகும், நுண்ணிய வலை அடைபடும். இவை அத்தனையும் முடிவை ஒரே திசையில், உண்மையைவிடப் பருமனாகக் காட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த வேகனிலோ துறைமுகக் குவியலிலோ நனைந்து வரும் கரியில் இது மிகத் தெளிவாகத் தெரியும்.

ட்ரேயில் மெல்லிய படுகையாகப் பரப்பி, அறைவெப்பத்திலோ 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாத ஓவனிலோ உலரவிடுங்கள். அவசரத்தில் 105 டிகிரியில் வைப்பது புதியவர்கள் செய்யும் முதல் பெரிய பிழை. ஈரப்பதச் சோதனைக்கு 105 டிகிரி வரை போவதைப் பார்த்துவிட்டு, இதற்கும் அதுவே என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த வெப்பத்தில், குறிப்பாக உள்ஈரம் மிகுந்த கரியில், கட்டிகள் சுருங்கி விரிசல்விட்டுப் பிளக்கும். ஓவனிலிருந்து எடுத்த ட்ரேயைச் சாய்த்தால் கட்டி இருந்த இடத்தில் பொறுக்குகள் இருக்கும்.

இரண்டாவது பிழை மொட்டை மாடி. அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று புதிதாகச் சேர்ந்த ஒருவர் ட்ரேயை மாடிக்குக் கொண்டுபோனார். பிற்பகல் கடற்காற்று எழுந்தது. கரி காய்ந்துதான் இருந்தது. ட்ரேயைச் சுற்றித் தளத்தில் ஒரு கறுப்பு நிழலும் படிந்திருந்தது. அந்த நிழல்தான் 75 மைக்ரானுக்குக் கீழான தூள்.

ஒரு மணி நேர இடைவெளியில் எடை பாருங்கள். இரண்டு எடைகளுக்கிடையே மாற்றம் 0.1 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் அறைக் காற்றோடு கரி சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள்; இதுவே காற்றுலர் நிலை. சென்னைக் காற்றின் ஈரம் இங்கே ஒரு குறும்பு செய்யும். இரவு முழுவதும் ஏசி ஓடிய அறையில் உலர்ந்த கரி, காலையில் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்தவுடன் ஈரத்தைத் திரும்ப இழுக்கத் தொடங்கும். ஆகவே உலர்த்தல், மொத்த எடை, சலித்தல், பகுதி எடைகள் அனைத்தையும் ஒரே அறையில், ஒரே நாளில், ஒரே நிலையில் முடியுங்கள்.

5. பங்கிடுதல்

பெரிய கண் சல்லடைகளில் முழு மாதிரியையும் சலிக்க வேண்டும். பங்கிடுவது அதற்குப் பிறகு, 3.35 மி.மீ.க்குக் கீழ் இறங்கிய பகுதிக்கு மட்டுமே. இந்த வரிசையை மாற்றாதீர்கள். கட்டிகள் கலந்த நிலையில் பங்கிட்டால், எண்ணிக்கையில் குறைவான பெரிய கட்டிகள் இரண்டு பங்குக்கும் சமமாகப் போகாது.

மாதிரி அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தோ, எதிர்த் தரப்புக்குச் சலிக்காத பங்கு ஒதுக்க வேண்டியிருந்தோ, முன்னதாகவே பாதியாக்க வேண்டிய கட்டாயம் வந்தால், ரிஃபிள் பெட்டியின் காடி பெரிய கட்டியைப்போல் குறைந்தது மூன்று மடங்கு அகலமாக இருக்க வேண்டும்: 20 மி.மீ. கரிக்கு 60 மி.மீ. காடி. குறுகிய காடியில் இரண்டு கட்டிகள் பாலம் கட்டி நின்றுவிடும். உடனே யாராவது குச்சியால் குத்துவார்கள், கட்டி உடையும்.

ரிஃபிள் பெட்டியில் கொட்டும்போது ட்ரேயின் அகலம் பெட்டியின் அகலத்துக்குச் சமமாக இருக்கட்டும், கை நடுவில் மட்டும் சாயாமல் முழு நீளத்துக்கும் ஒரே சீராக ஊற்றட்டும். எந்தப் பக்கப் பங்கை வைத்துக்கொள்வது என்பதை ஒவ்வொரு முறையும் மாற்றி மாற்றி எடுங்கள். பெட்டி இம்மியளவு சாய்ந்திருந்தாலும் அதனால் ஏற்படும் பிழை அடிபட்டுப் போகும். ரிஃபிள் பெட்டி இல்லாத இடத்தில், கூம்பாகக் குவித்துத் தட்டையாக்கி நான்காகப் பிரித்து எதிரெதிர்க் கால் பங்குகளைச் சேர்க்கும் முறை உண்டு. ஆனால் அதில் கட்டி அடிவாரத்துக்கு உருளும் அதே சிக்கல் இருப்பதால், நேர் மேலிருந்து கூம்பின் உச்சியிலேயே கொட்ட வேண்டும். கரண்டியால் "அங்கொன்று இங்கொன்று" அள்ளி 100 கிராம் சேர்ப்பது பங்கிடுதலே அன்று.

6. பெரிய கண் சல்லடைகள்: கையால் சலித்தல்

உலர்ந்த மாதிரியின் மொத்த எடையைக் குறித்துக்கொண்டு, மிகப் பெரிய கண்ணிலிருந்து தொடங்குங்கள். பன்னிரண்டு கிலோவையும் ஒரேயடியாகக் கொட்டாமல், கட்டிகள் சல்லடைமேல் ஒரே அடுக்காகப் பரவும் அளவுக்குப் பகுதி பகுதியாகப் போடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் மேலே உள்ளதற்குக் கண் கிடைக்காது.

சல்லடையைக் கிடைமட்டமாக, மென்மையாக முன்னும் பின்னும் ஆட்டினால் போதும்; தூக்கித் தட்ட வேண்டாம். 12.5 மி.மீ.க்கு மேல், ஐயத்துக்குரிய கட்டியைக் கையால் எடுத்து, திருப்பித் திருப்பி வைத்து இறங்குகிறதா என்று பார்க்கலாம். எந்த நிலையிலாவது தானாக இறங்கினால் அது கடந்ததாகவே கொள்ளப்படும். ஆனால் விரலால் அழுத்தக் கூடாது. இந்த வித்தியாசத்தைச் சொல்லில் விளக்குவது கடினம் என்பதால், நான் கட்டியை இரண்டு விரலால் பிடித்துக் கண்ணின்மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக் காட்டுவேன்: கையை எடுத்தபின் தன் எடையில் விழுந்தால் கடந்தது, கை இருக்கும்போதே விழுந்தால் நாம் தள்ளியது.

கண்ணில் சிக்கிக்கொண்ட கட்டி கடக்காத கட்டி. சல்லடையைக் கவிழ்த்து, தங்கிய கப்பியோடு சேர்த்துவிடுங்கள்.

7. சிறிய கண் சல்லடைகள்: ஷேக்கரில் சலித்தல்

3.35 மி.மீ.க்குக் கீழ் இறங்கியதிலிருந்து பங்கிட்டு எடுத்த சுமார் 100 கிராமைத்தான் 200 மி.மீ. சல்லடை அடுக்கில் போட வேண்டும். ஜல்லி, மணல் சோதனைக்குப் பழகியவர்கள் இதே அடுக்கில் 200 கிராமுக்கு மேல் போட்டுப் பழக்கப்பட்டிருப்பார்கள். மணலின் அடர்த்தி 2.65, நிலக்கரியின் அடர்த்தி 1.3 முதல் 1.5 வரை, எனவே அதே எடைக்கு நிலக்கரி ஏறக்குறைய இரண்டு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதிகம் போட்டால் வலைமேல் தடித்த படுகை உருவாகி, இறங்க வேண்டியது மேலேயே மிதந்துகொண்டிருக்கும். ஏதாவது ஒரு சல்லடையில் மட்டும் மிகுதியாகத் தங்கினால், இடையில் இன்னொரு அளவைச் செருகுங்கள் அல்லது மாதிரியைக் குறையுங்கள்.

அடுத்து, எத்தனை நிமிடம் சலிப்பது. இதுதான் நிலக்கரியின் மையச் சிக்கல், இங்கே அவசரப்படாதீர்கள். குறைவாகச் சலித்தால் தூள் மேலே தங்கிவிடும். அதிகமாகச் சலித்தால் துகள்கள் ஒன்றோடொன்று உரசிப் புதிய தூள் பிறக்கும். இரண்டுக்கும் இடையிலான நிமிடத்தை ஒவ்வொரு வகைக் கரிக்கும் ஒரு முறை நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

வழி இது. 5 நிமிடம் சலித்து அடித்தட்டின் எடையைப் பாருங்கள். தூளைத் தட்டிலேயே விட்டுவிட்டு, இரண்டிரண்டு நிமிடமாகத் தொடர்ந்து ஒவ்வொரு முறையும் எடை பாருங்கள். எடுத்துக்காட்டாக, 2.7, 3.0, 3.1, 3.2, 3.3, 3.4 கிராம் என்று எண்கள் வருகின்றன என்று கொள்வோம். முதலில் 0.3 ஏறியது, பிறகு 0.1. அதற்குப் பின் ஏற்றம் நிற்கவில்லை, குறையவும் இல்லை. இரண்டு நிமிடத்துக்கு 0.1 என்று சீராகப் போய்க்கொண்டிருக்கிறது. சலிப்பு முடியும்போது ஏற்றம் தேய்ந்து அடங்க வேண்டும். தேயாமல் சீராக ஏறினால், அது ஒளிந்திருந்த தூள் இறங்குவதன்று, கரி அரைபடுவது. ஆகவே இந்தக் கரிக்கு 9 நிமிடம் என்று எழுதி ஷேக்கர்மேல் ஒட்டிவிட வேண்டும். சாம்பல் மிகுந்த ஒடிசாவின் தால்ச்சர் கரிக்கும் மென்மையான இறக்குமதிக் கரிக்கும் இந்த எண் ஒன்றாக இராது. பக்கத்து ஆய்வகம் 15 நிமிடம் ஓட்டுகிறது என்பதற்காக நாமும் ஓட்டுவது கூடாது.

சிலர் சலிப்பு வேகமாக முடிய ரப்பர் பந்தோ காசோ சல்லடைக்குள் போடுவார்கள். நிலக்கரிக்கு அது அரவைக் கல்லுக்குச் சமம்.

நன்றாக உலர்ந்த தூள் நிலைமின்னூட்டம் பெற்று வலையின் அடியிலும் சட்டத்தின் உட்சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். மார்கழி, தை மாதங்களின் வறண்ட பிற்பகலில், அதிலும் ஏசி அறையில், இதைப் பார்க்கலாம். சல்லடை அடுக்குக்கு ஒரு எர்த் கம்பி கொடுத்துவிட்டு, சலித்து முடித்தபின் ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள்; மிதக்கும் தூள் அடங்கும், பிறகு மூடியைத் திறக்கலாம். 75 மைக்ரான் வலையின் அடிப்பக்கத்தை மென்மையான பிரஷால் ஒரே திசையில் தடவி, விழும் தூளை அடித்தட்டில் சேருங்கள். மேல்பக்கத்திலிருந்து தேய்த்தால், தங்க வேண்டிய துகளைக் கண்ணுக்குள் அழுத்திவிடுவோம்.

8. ஈரச் சலிப்பு எப்போது தேவை

களிமண் கலந்த கரியில், எவ்வளவு உலர்த்தினாலும் நுண்தூள் பெரிய துகள்மேல் பற்றிக்கொண்டே இருக்கும். 300 மைக்ரானில் தங்கியதில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடிக் குவளை நீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். நீர் உடனே கலங்கினால், உலர் சலிப்பு பொய் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் எடை போட்ட மாதிரியை நீரில் ஊறவைத்து, 75 மைக்ரான் சல்லடைமேல் மெல்லிய நீரோட்டத்தில் கழுவி, தெளிந்த நீர் வரும்வரை அலச வேண்டும். வெறும் நீரில் கரி மிதக்கும், நனைய மறுக்கும். பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பில் ஓரிரு துளி கலந்தால் நனையும். குழாயை முழு வேகத்தில் திறக்காதீர்கள். தங்கியதை 40 டிகிரியில் உலர்த்தி, மேல் சல்லடைகளில் உலர் முறையில் தொடருங்கள். கழுவிச் சென்ற தூளின் எடை, தொடக்க எடைக்கும் உலர்ந்த மீதத்துக்கும் உள்ள வித்தியாசம். ஆகையால் மீதத்தைத் தொடக்கத்தில் இருந்த அதே காற்றுலர் நிலைக்குக் கொண்டுவராமல் எடை போட்டால் கணக்கு தவறும்.

9. எடையும் கணக்கும்

ஒவ்வொரு சல்லடையில் தங்கியதையும் தனித்தனியே எடை போடுங்கள்; எல்லாவற்றையும் கூட்டி, தொடக்க எடையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கு மேல் போனால் அந்தச் சோதனையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்வது எங்கள் வழக்கம். குறைந்தால் தூள் இழப்பு. கூடினால், ஈரம் ஏறியிருக்கிறது அல்லது முந்தைய மாதிரி சல்லடைக் கண்ணில் மிச்சமிருந்திருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. காற்றுலர் எடை 12.00 கிலோ. கையால் சலித்ததில் தங்கியவை:

25 மி.மீ. மேல்: 0.18 கிலோ
20 மி.மீ. மேல்: 0.36 கிலோ
12.5 மி.மீ. மேல்: 2.52 கிலோ
6.3 மி.மீ. மேல்: 3.00 கிலோ
3.35 மி.மீ. மேல்: 2.10 கிலோ
3.35 மி.மீ. கீழ்: 3.80 கிலோ

கூட்டல் 11.96 கிலோ, இழப்பு 0.33 சதவீதம், ஏற்கத்தக்கது. சதவீதத்தை 12.00-ஆல் வகுத்துக் காணாமல், பகுதிகளின் கூட்டலான 11.96-ஆல் வகுத்துக் காண வேண்டும். அப்போதுதான் எல்லாம் சேர்ந்து 100 வரும். வரிசையாக 1.51, 3.01, 21.07, 25.08, 17.56, 31.77.

இனி 3.35 மி.மீ.க்குக் கீழான பகுதியில் 100.0 கிராம் ஷேக்கருக்குப் போனது. 1.18 மி.மீ. மேல் 46.2, 600 மைக்ரான் மேல் 21.5, 300 மேல் 14.8, 150 மேல் 9.4, 75 மேல் 4.6, அடித்தட்டில் 3.1. கூட்டல் 99.6 கிராம்.

இங்கேதான் புதியவர்களில் பாதிப் பேர் இடறுகிறார்கள். அடித்தட்டில் 3.1 கிராம் இருப்பதைப் பார்த்து, "75 மைக்ரானுக்குக் கீழ் 3.1 சதவீதம்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 3.1, பன்னிரண்டு கிலோவின் பங்கன்று, அதில் 31.77 சதவீதமே ஆன ஒரு பகுதியின் பங்கு. 3.1-ஐ 99.6-ஆல் வகுத்து 31.77-ஆல் பெருக்கினால் 0.99 வரும். முழு மாதிரியில் 75 மைக்ரானுக்குக் கீழே உள்ளது ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். மூன்று மடங்குப் பிழை. ஆனால் தாளில் பார்த்தால் எதுவும் உறுத்தாது, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இதே முறையில் 1.18 மி.மீ. மேல் தங்கியது முழு மாதிரியில் 14.74 சதவீதம்.

இப்போது மேலிருந்து கூட்டிக்கொண்டு வாருங்கள். 20 மி.மீ. வரை மொத்தம் தங்கியது 4.52 சதவீதம், 12.5 மி.மீ. வரை 25.59. ஐந்து சதவீதத்துக்கு மேல் தங்காத மிகச் சிறிய சல்லடையே பெயரளவு உச்ச அளவு என்பதால், இந்த மாதிரியின் உச்ச அளவு 20 மி.மீ. ஒரே ஒரு 30 மி.மீ. கட்டி கண்ணில் பட்டது என்பதற்காக உச்ச அளவை 30 என்று எழுதக் கூடாது.

10. வரைபடம்

கிடை அச்சில் கண் அளவை மடக்கை (லாக்) அளவுகோலிலும் நிலை அச்சில் இறங்கிய மொத்தச் சதவீதத்தையும் வைத்து வரையுங்கள். 80 சதவீதம் இறங்கும் அளவை அதிலிருந்து படிக்கலாம். மேலுள்ள மாதிரிக்கு அது சுமார் 14.2 மி.மீ.

நிலக்கரிக்கு ரோசின்-ராம்லர் வரைபடமும் வழக்கில் உண்டு. 100-ஐத் தங்கிய மொத்தச் சதவீதத்தால் வகுத்து, அதன் இயல் மடக்கையை எடுத்து, அந்த எண்ணையும் கண் அளவையும் இரண்டு அச்சும் மடக்கை அளவிலான தாளில் குறித்தால், நொறுக்கிய கரி ஏறத்தாழ நேர்கோட்டில் விழும். தங்கியது 36.8 சதவீதமாக இருக்கும் அளவு அந்தக் கரியின் அடையாள அளவு, கோட்டின் சாய்வு பரவலைக் காட்டும். நம் மாதிரியில் அடையாள அளவு 9.2 மி.மீ. அளவில் வருகிறது. 12.5 மி.மீ.க்கு மேல் கோடு சட்டென்று செங்குத்தாகும். கிரஷரின் அடிக்கூண்டு பெரிய கட்டிகளை வெளியே விடாததன் அடையாளம் அது, பிழையன்று. ஆனால் நடுவில் ஒரே ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகினால், அந்தச் சல்லடையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

11. மில் தூளுக்கு மட்டும்

50 கிராம் எடுத்து 300, 150, 75 மைக்ரான் சல்லடைகளில் சலித்தால் போதும். 75-இல் இறங்குவது 70 சதவீதமா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். 300 மைக்ரானுக்கு மேல் தங்கும் ஒன்றிரண்டு சதவீதம்தான் உலையில் எரிந்து முடியாமல் சாம்பலில் கரியாகப் போய்ச் சேருகிறது. அந்த எண் சிறியது என்பதால் அதை 0.01 கிராம் தராசில் போட வேண்டும். இந்தத் தூளில் வலை வெகுவிரைவில் அடைபடும். இடையில் நிறுத்தி, அடிப்பக்கம் பிரஷ் செய்து, மறுபடி ஓட்ட வேண்டும். எத்தனை முறை, எத்தனை நிமிடம் என்பதை உங்கள் தரநிலையில் உள்ளபடியே கடைப்பிடியுங்கள். அன்றன்று மனத்துக்குத் தோன்றியபடி மாற்றினால் மில்லின் மாற்றமும் உங்கள் மாற்றமும் பிரித்தறிய முடியாமல் கலந்துவிடும்.

12. லேசர் கருவியின் எண்ணோடு ஒப்பிடும்போது

75 மைக்ரானுக்குக் கீழே உள்ள பரவலை அறிய லேசர் ஒளிச்சிதறல் கருவி ஏற்றது. ஆனால் அது துகளை அதற்கு இணையான கோளமாகக் கருதிக் கன அளவில் சொல்லும். சல்லடையோ துகளின் குறுக்களவில் நடுத்தரமானதைச் சொல்லும். தட்டையான நிலக்கரித் துகளில் இரண்டும் ஒன்றாக வாரா. ஆகவே இரண்டு எண்களையும் ஒரே வரைபடத்தில் ஒட்டவைத்து ஒரு கோடு இழுக்கக் கூடாது. கரியைச் சிதறவைக்க அல்ட்ராசோனிக் பயன்படுத்தினால், நேரத்தைக் குறைவாக வையுங்கள். ஓட்ட ஓட்ட அளவு இறங்கிக்கொண்டே போனால், உருண்டைகள் பிரிந்து முடிந்து துகளே உடையத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஷேக்கரில் நிமிடம் கண்டுபிடித்த அதே சோதனைதான் இங்கும்.

13. அறிக்கையும் மீதி மாதிரியும்

அறிக்கையில் எண்களோடு, தரநிலை, சல்லடை சதுரக் கண்ணா வட்டமா, உலர் சலிப்பா ஈரச் சலிப்பா, உலர்த்திய வெப்பம், ஷேக்கர் நிமிடம், இழப்புச் சதவீதம் ஆகியவற்றையும் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து யாராவது எண்ணை மறுத்தால், பதில் இந்த விவரங்களில்தான் இருக்கும்.

மீதமுள்ள கரியைச் சாம்பல் சோதனைக்கு அனுப்பும் முன், எல்லாப் பகுதிகளையும் திரும்ப ஒன்றாகக் கலந்துவிடுங்கள். தூளிலும் கட்டியிலும் சாம்பல் ஒரே அளவில் இருப்பதில்லை. அடித்தட்டில் இருந்ததை மட்டும் "ஏற்கெனவே தூளாகத்தானே இருக்கிறது" என்று அள்ளிக் கொடுத்துவிட்டால், அது அந்தக் கரியின் சாம்பலாக இருக்காது. எதிர்த் தரப்புக்கு ஒதுக்கும் அளவு மாதிரியைச் சலிக்காத நிலையிலேயே, முதலில் பங்கிட்டபோது கிடைத்த மறுபாதியிலிருந்து எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் நிரம்ப அடைத்து முத்திரையிட வேண்டும். பாதி காலியாக இருக்கும் டப்பாவில் கரி போகும் வழியெல்லாம் உருண்டு உடைந்துகொண்டே போகும்.